நகையை அடகு வைக்கும் முன்: கொழும்பு வைத்தியசாலையொன்றின் சமூகப் பணியாளர் எழுதுவது

சில வாரங்களுக்கு முன், இருதய நோய் கிளினிக் வாசலில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சொப்பிங் பை. தாதி அவரை என் அறைக்கு அனுப்பிவைத்தார். பையிலிருந்ததை மேசையில் கொட்டினோம். ஈ.சி.ஜி. தாள்கள், எக்கோ அறிக்கை, மூன்று வருடத்து மருந்துத் துண்டுகள், மின்சார பில் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்த அடகுக் கடைச் சீட்டு.

"தாலிக்கொடி, மிஸ். இவருக்கு பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரிக்கு முற்பணம் கட்டிவிட்டோம். மீதிக்கு இனி விற்க எதுவும் இல்லை" என்றார்.

கணவர் என்ன வேலை என்று கேட்டேன். வத்தளையில் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் 14 வருடம். சம்பளச் சீட்டு இருக்கிறதா என்றேன். மின்சார பில்லுக்குப் பின்னால் அதுவும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்), ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) இரண்டுக்கும் இலக்கங்கள் தெளிவாக இருந்தன. இருதய சத்திரசிகிச்சைக்கு ஈ.டி.எஃப். சபை உறுப்பினர்களுக்கு உதவி வழங்குகிறது என்பதை அந்த 14 வருடத்தில் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஜனாதிபதி நிதியம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருந்தார். "அதெல்லாம் ஆள் தெரிந்தவர்களுக்குத்தானே மிஸ்" என்று அதையும் விட்டுவிட்டிருந்தார்.

இந்தக் கட்டுரையை அவருக்காகத்தான் எழுதுகிறேன். அவரைப் போல வாரத்துக்கு நான்கைந்து பேரைப் பார்க்கிறேன். அநேகமாக எல்லோரும் நகை போன பிறகுதான் வருகிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். நம் நாட்டில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் பிறக்கும்போதே கிடைத்துவிடும் மிகப் பெரிய காப்புறுதி அதுதான். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பதும் உண்மை. அதனால் பயந்து, வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே தனியார் பக்கம் ஓடிவிடுகிறோம். விசேட வைத்திய நிபுணரிடம் நேராகக் கேளுங்கள்: "டொக்டர், இவர் அரசாங்க வரிசையில் காத்திருந்தால் ஆபத்தா? எத்தனை மாதம் தாங்கும்?" பல நேரங்களில், காத்திருக்கலாம் என்றுதான் பதில் வரும். ஆபத்து என்றால் பட்டியலில் முன்னே நகர்த்த வழி உண்டா என்று அவரே பார்ப்பார். வெளியில் வாங்கச் சொல்லி மருந்துத் துண்டு தந்தாலும், வைத்தியசாலையே கொள்வனவு செய்து தர முடியுமா என்று வாட்டிலேயே ஒருமுறை கேளுங்கள். முடியாதென்றால் முதலில் அரச மருந்தகமான ஒசுசலவுக்குப் போய் விலை பாருங்கள். மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு, சிறு வியாதிகளுக்கு மாநகர சபையின் இலவச மருந்தகங்களும் இருக்கின்றன. பக்கத்திலேயே இருந்தும் பலர் அங்கே போவதில்லை.

பணம் கரைவது சிகிச்சையில் மட்டுமல்ல. வெளியே எடுக்கும் ஸ்கேன், ஆட்டோ கூலி, கூட நிற்பவர் இழக்கும் நாட்கூலி என்று சில்லறையாகக் கரைகிறது. உதவி தேடும்போது இவற்றையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைச் செலவை மட்டும் சொன்னால் உங்கள் கஷ்டத்தில் பாதிதான் தெரியும்.

அடுத்தது தாள்கள். என் வேலையில் முக்கால்வாசி இதில்தான் போகிறது.

வாட்டிலிருந்து வீட்டுக்குப் போகும்போது ஓர் அட்டை தருவார்கள். நோய் என்ன, என்ன செய்தார்கள், என்ன மருந்து என்று அதில் இருக்கும். எல்லோரும் அதை டயக்னோசிஸ் கார்ட் என்கிறோம். பெரும்பாலும் ஆங்கிலத்தில், அவசரமான கையெழுத்தில் இருப்பதால் அதன் மதிப்பு நம்மவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு வீட்டில் அதைக் குழந்தையின் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டிருந்தார்கள். எந்த உதவிக்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். கிடைத்த அன்றே மூன்று நகல் எடுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள். மூலப் பிரதியை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

வாட்டை விட்டு வரும் முன் அதில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன. அனுமதிக்கும் இடத்தில் இருப்பவர் காதில் விழுந்தபடி எழுதுவார். அடையாள அட்டையில் ரெங்கம்மா, கார்டில் ரங்கம்மா. ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், மற்றதில் கணவன் பெயர் பின்னால். பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதம். விண்ணப்பம் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும்போதுதான் தெரியும். வாட்டிலேயே திருத்திக் கேட்டால் ஐந்து நிமிட வேலை. வெளியே வந்துவிட்டால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் ஒருவர் முன் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டிவரும்.

இப்போது எங்கே போவது என்பதைப் பார்ப்போம். கொழும்பு மாநகரத்துக்குள் இரண்டு பிரதேச செயலகங்கள் இருக்கின்றன: கொழும்பு, திம்பிரிகஸ்யாய. உங்கள் வீடு எதற்குள் வருகிறது என்று கிராம சேவகரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுவதும் தவறான வரிசையில் நின்றுவிட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிராம சேவகர் தரும் வதிவு, வருமானச் சான்றிதழ்கள் ஏறக்குறைய எல்லா உதவிக்கும் அடித்தளம்.

ஜனாதிபதி நிதியம் 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. ஆள் தெரிந்திருக்கத் தேவையில்லை. இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைகளுக்கு, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவுகிறது. முன்பு நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் கொழும்புக்குத்தான் வர வேண்டும். 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். எங்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லி முடியாது. கொட்டாஞ்சேனையில் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் நிரந்தர முகவரி ஹட்டனில் ஒரு தோட்ட லயமாக இருக்கும். அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் அங்கேயே விசாரித்துவிடலாம். எதுவானாலும் சிகிச்சைக்குத் திகதி குறித்தவுடனேயே விசாரியுங்கள். செலவை எல்லாம் கட்டி முடித்துவிட்டுக் கடைசியில் ரசீதோடு வருகிறவர்களுக்குத்தான் என்னால் மிகக் குறைவாக உதவ முடிகிறது.

அஸ்வெசும பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக, வறிய குடும்பங்களுக்கு வந்த அரச உதவித் திட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். நீண்டகாலச் சிறுநீரக நோயாளிகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், முதியோருக்கும் மாதக் கொடுப்பனவுகள் தனியாக உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தினார்கள். காசநோய், புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்குச் சமூக சேவைத் திணைக்களத்தின் உதவிகளும் இருக்கின்றன. தொகை சிறியதுதான். ஆனாலும் ஒரு மாதப் பஸ் செலவுக்கு ஆகும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைத் தேடிப் போய்க் கேளுங்கள்.

படிவம் சிங்களத்தில் நீட்டப்பட்டால் தமிழ்ப் படிவம் தாருங்கள் என்று கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை, கெஞ்சவும் வேண்டாம். தமிழ் அரசகரும மொழி. விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில கதவுகள் உண்டு. ஈ.டி.எஃப். முழுக்க முழுக்க முதலாளி கட்டும் 3 சதவீதம். உங்கள் சம்பளத்தில் கழியாததால் அப்படியொன்று இருப்பதே மறந்துபோகிறது. வேலையில் இருக்கும் உறுப்பினர்களுக்கு இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை போன்றவற்றுக்கு உதவி உண்டு. ஈ.பி.எஃப். வேறு. 10 வருடம் கட்டி, கணக்கில் 3 இலட்சத்துக்கு மேல் இருந்தால், மருத்துவத் தேவைக்கு 30 சதவீதம் வரை எடுக்கலாம். அதை நான் கடைசியாகத்தான் சொல்வேன். அது உங்கள் முதுமைக்கான காசு. வேலைத்தலத்தில் காயம்பட்டவர்களுக்கு 1934ஆம் ஆண்டிலிருந்தே நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. முதலாளி கையில் திணிக்கும் ஐயாயிரத்தோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 'சுரக்ஷா' காப்புறுதி பற்றி அதிபரிடம் கேளுங்கள்.

தனியார் காப்புறுதி எடுத்தவர்களுக்கு ஒரே வார்த்தை: விண்ணப்பிக்கும்போது இருக்கிற சர்க்கரை, பிரஷரை மறைக்காதீர்கள். முகவர் பரவாயில்லை என்றாலும் மறைக்காதீர்கள்.

அரச ஊழியர்களுக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி உண்டு. இதைச் சொல்லும்போது வெள்ளவத்தை ஐயா ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. சர்க்கரையும் பிரஷரும் ஏறிக்கொண்டே போனதால் வைத்தியர் என்னிடம் அனுப்பினார். மருந்து ஒழுங்காகப் போடுகிறேன் என்று அடித்துச் சொன்னார். மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு மாத்திரையும் சவர பிளேடால் நேர்த்தியாக இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. உடைந்த தூள்கூட வீணாகாமல் சிறு தாளில் மடிக்கப்பட்டிருந்தது. கிளினிக்கில் இல்லாத ஒரு மருந்தை வெளியே வாங்கிக்கொண்டிருக்கிறார். மாதக் கடைசி வரை வர வேண்டுமே என்று பாதியாக்கிவிட்டார். கனடாவிலிருக்கும் மகனுக்குச் சொல்லவில்லை. "நாற்பது வருடம் கொடுத்த கை, பிள்ளை. வாங்கிப் பழக்கமில்லை" என்றார்.

அவரிடம் நான் சொன்னது இதுதான்: ஐயா, இது தருமம் இல்லை. சேவையில் இருந்தபோது உங்கள் சம்பளத்தில் கழித்ததற்கு வருவது. ஓய்வூதியர்களுக்கும் அக்ரஹாரவில் நன்மைகள் இருக்கின்றன. உங்களுக்கு எவை பொருந்தும் என்று பார்ப்போம், வாருங்கள். வைத்தியரிடமும் பேசினேன். அதே வேலையைச் செய்யும், வைத்தியசாலையில் கிடைக்கும் வேறு மருந்துக்கு அவர் மாற்றித் தந்தார். விஷயம் அவ்வளவில் தீர்ந்துவிட்டது. அவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் ஆறு மாதத்துக்கு முன்பே தீர்ந்திருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

அரசுக்கு வெளியே உள்ள உதவிகளில் நான் அடிக்கடி அனுப்புகிற இடங்கள் சில. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குத் தூரத்திலிருந்து வரும் புற்றுநோயாளர் இலவசமாகத் தங்க, அருகிலேயே சீ.சீ.சீ. இல்லம் இருக்கிறது. கதிர் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் வர வேண்டிய மலையகத்துக் குடும்பங்கள் பலருக்கு இது தெரியாமல், சிகிச்சையை இடையில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. சர்க்கரையால் கால் இழந்தவர்களுக்கு, 1831இல் தொடங்கிய கொழும்பு பிரெண்ட் இன் நீட் சொசைட்டி ஜெய்ப்பூர் கால் எனும் செயற்கைக் கால் பொருத்தி விடுகிறது. கோயில் தருமகர்த்தாக்கள், பள்ளிவாசல் சக்காத் குழுக்கள், தேவாலயங்களின் வின்சென்ட் டி போல் சபையினர் சத்தமில்லாமல் நிறையச் செய்கிறார்கள். அவர்களிடமும் டயக்னோசிஸ் கார்டோடு போங்கள். கதையை மட்டும் சொல்வதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

இரண்டு விஷயங்களைச் செய்யாதீர்கள். விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன், காசு வந்ததும் பங்கு தாருங்கள் என்று பிரதேச செயலக வாசலிலும் வைத்தியசாலை வாசலிலும் சிலர் நிற்பார்கள். உதவிப் படிவங்களுக்கு எவருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று, நோயாளியின் படத்தையும் அடையாள அட்டையையும் வங்கி இலக்கத்தையும் முகநூலில் போடுவது. உங்கள் பிள்ளையின் படத்தை எடுத்து, வேறு கணக்கிலக்கத்தை ஒட்டி, வேறொருவர் காசு சேர்ப்பார். மொட்டையடித்த தலையோடு அந்தப் பிள்ளை நாளை வகுப்புக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதையும் நினையுங்கள்.

இரவில் திடீரென்று ஏதாவது ஆனால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நோயாளியைப் பார்த்துப் பார்த்து உங்கள் மனமே தளர்ந்துபோனால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

அந்த அக்காவின் கணவருக்குச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. மீதிப் பணத்தை உறவினர் மூவர் சேர்ந்து கட்டினார்கள். ஜனாதிபதி நிதியத்துக்கான விண்ணப்பம் பிரதேச செயலகத்தில் இருக்கிறது. ஈ.டி.எஃப். படிவத்தில் மட்டும் நிறுவனத்தின் கையொப்பமும் முத்திரையும் வர வேண்டும். தாலிக்கொடி இன்னும் அடகுக் கடையில்தான். அடுத்த வட்டி 12ஆம் திகதி. அதற்கு முன் அந்தக் கையொப்பம் கிடைக்க வேண்டும். நாளைக் காலை எட்டரைக்கு வத்தளைக்குத் தொலைபேசி எடுக்கப் போகிறேன்.