தட்டில் தெரியும் வட்டமும் காலில் இருக்கும் புண்ணும்

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது. சர்க்கரை நோயாளி ஒருவரின் பாதப் புண்ணிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வந்த சீழ் மாதிரியில் மஞ்சள் நிறம் ஊறிப்போயிருந்தது. ஆறு வாரமாக மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். வளர்த்துப் பார்த்ததில் கிடைத்தது, மற்ற ஆன்டிபயாடிக்குகள் பலிக்காதபோது கொடுக்கும் கார்பபெனெம் வகை மருந்துகளுக்குக்கூட அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. "மருந்துக்கு அடங்காத கிருமியையே வேப்பிலை கொல்லும் என்று ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்களே, டாக்டர்" என்று மகன் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. செய்தியை அப்படி எழுதியவர்மேல்தான் கோபம் வந்தது.

அந்த ஆராய்ச்சி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதில் என்ன செய்தார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. இலையை உலர்த்திப் பொடித்து, மெத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து வடித்து, வற்றவைத்துக் கெட்டிச் சாறாக்குகிறார்கள். கிருமியைப் பரப்பிய அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு) அந்தச் சாற்றை வைத்து மறுநாள் பார்த்தால், அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் ஒன்று தெரியும். அந்த வட்டம்தான் செய்தியாகிறது. பினாயிலை வைத்தாலும் வட்டம் வரும். அதற்காக யாரும் பினாயிலைக் குடிப்பதில்லை. தட்டில் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை, அடைபட்ட ரத்தக் குழாயும் இல்லை. நல்ல ஆன்டிபயாடிக் ஒன்று மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராமில் முடிக்கும் வேலைக்குப் பச்சிலைச் சாறுகளுக்குப் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் தேவைப்படுகிறது. எத்தனை டம்ளர் கஷாயம் குடித்தாலும் ரத்தத்தில் அந்த அளவு சேராது. மஞ்சளின் குர்குமினோ குடலில் சரியாக உறிஞ்சப்படுவதே இல்லை. உள்ளே போகும் கொஞ்சத்தையும் உடல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. பூசத்தானே செய்கிறோம் என்பார்கள். பூச்சு மேலே நிற்கிறது. கிருமி தசைக்குள்ளும் எலும்பிலும் இருக்கிறது.

(ஆண்டுதோறும் மாணவர்கள் ஏதாவதொரு இலையோடு வந்து வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து காட்டுகிறார்கள். வட்டம் கரைப்பானாலேயே வந்திருக்கலாமே, அதை மட்டும் தனியே வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வருவதில்லை.)

இத்தகைய சோதனைகளில் அதிகம் அடங்குவது ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற, வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் கிருமிகள். எங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கிளெப்சியெல்லா, அசினிடோபாக்டர், சூடோமோனாஸ் ஆகியவற்றுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு. தாவரப் பொருட்களில் பல அதைத் தாண்டுவதில்லை.

மூலிகையை நான் இகழவில்லை. மரமஞ்சளில் உள்ள பெர்பெரினை ஸ்டெஃபிலோகாக்கஸ் தன் சவ்விலுள்ள ஒரு பம்பினால் வெளியே இறைத்துவிடுகிறது; பெர்பெரின் தரும் செடிகள் சிலவற்றிலேயே அந்தப் பம்பை அடைக்கும் வேறொரு பொருளும் இருப்பதை 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியபோது, செடியின் சாமர்த்தியத்தை வியந்தவர்களில் நானும் ஒருவர். ஆனால் தட்டில் கண்டதற்கும் மருந்துக்கும் இடையில் நச்சுத்தன்மை, அளவு, மனிதர்களில் சோதனை என்று நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை உங்கள் அப்பாவின் காலில் நடந்து பார்க்காதீர்கள்.

சர்க்கரை உள்ளவருக்குக் காலில் புண் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எதையும் அரைத்துப் பூச வேண்டாம். காயத்துக்கு மருத்துவமனையில் பயன்படும் தேன் காமா கதிரால் கிருமி நீக்கியது, சமையலறைத் தேன் அதுவல்ல. ஆன்டிபயாடிக் காப்ஸ்யூலைப் பிரித்துப் புண்ணில் தூவும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் (கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்) உள்ள ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டின்றி விற்கக் கூடாதென்று 2014 முதல் விதி இருக்கிறது. கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூலிகை சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டோம். திட்டினாலும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்த நல்ல சித்த மருத்துவர்கள், ஆறாத புண்ணைக் கண்டதும் முதலில் சர்க்கரை அளவைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். வலியில்லையே என்று சும்மா இருக்க வேண்டாம்; நரம்பு மரத்த காலுக்கு வலி தெரியாது, ஆகையால் தினமும் இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் வீட்டில் யாராவது ஒருவர் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.