பிலிப்பைன்ஸில் நாய் கடித்தால் செலவு யாருடையது?

பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு நாய் என்றால் உயிர். அஸ்பின் எனப்படும் நாட்டு நாய்கள் வீட்டில் மிஞ்சிய சோற்றையும் மீனையும் தின்றுவிட்டுப் பகல் முழுக்கத் தெருவில் திரியும், ராத்திரி வாசலில் வந்து படுக்கும். சொந்தக்காரர் உண்டு, ஆனால் கயிறு கிடையாது. சிக்கலே இங்கேதான். அந்த நாட்டில் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயால் ஆண்டுதோறும் 200 பேருக்கு மேல் இறக்கிறார்கள்.

2007-இல் வந்த ரேபிஸ் தடுப்புச் சட்டம் (குடியரசுச் சட்டம் 9482) பொறுப்பை வளர்ப்பவர் மேல் வைக்கிறது. நாய்க்குத் தடுப்பூசி போட்டு, உள்ளாட்சியில் பதிவு செய்து, அதற்கான அட்டையை வைத்திருக்க வேண்டும். தவறினால் 2,000 பெசோ அபராதம். கயிறு இல்லாமல் வெளியே கூட்டிப்போனால் ஒவ்வொரு முறையும் 500 பெசோ. அதிகாரிகள் பிடித்துக்கொண்டுபோன நாயை மீட்க 500 முதல் 1,000 வரை ஆகும். மூன்று நாளுக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு நாயைத் தத்துக் கொடுத்துவிடலாம், கருணைக்கொலையும் நடக்கலாம்.

சரி, கடித்துவிட்டால்? கடிபட்டவர் முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, விலங்குக்கடி சிகிச்சை மையத்துக்குப் போக வேண்டும். நாய்க்காரர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளிடம் சொல்லி, நாயைக் கால்நடை மருத்துவரின் கண்காணிப்பில் விட வேண்டும். சிகிச்சைச் செலவும் அது தொடர்பான மற்றச் செலவுகளும் அவருடையவை. இது அவர் மனமிரங்கிக் கொடுப்பதல்ல, கடிபட்டவரின் உரிமை. அதனால் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கண்காணிப்புக்கு விட மறுத்தால் 10,000 பெசோ அபராதம், செலவையும் ஏற்க மறுத்தால் 25,000. அங்கே மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கடித்த நாயை அடித்துக் கொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 1998-இன் விலங்கு நலச் சட்டம், 2013-இல் திருத்தப்பட்ட பிறகு, கொடுமையால் விலங்கு இறந்தால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இரண்டு ஆண்டு வரை சிறையோ, 1,00,000 பெசோ வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. வேண்டாமென்று தெருவில் விட்டுப்போவதும் குற்றம். மனித உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் கொல்வதற்கு விதிவிலக்கு உண்டு. நாய்க்கறி வியாபாரத்துக்கு 9482-இன் கீழ் ஓராண்டு முதல் நான்காண்டு வரை சிறை.

2024 மார்ச்சில் காமரினெஸ் சூர் மாகாணத்தில் கில்லுவா என்ற கோல்டன் ரிட்ரீவர் நாய் அடித்துக் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. பிறகு, அதற்கு ரேபிஸ் இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்ததென்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அந்தக் கொலையை இது நியாயமாக்காது. ஆனால் இரண்டு சட்டங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலிக்கிற உதாரணம் இல்லை. ஊசி போட்டு, கட்டி வளர்த்த நாயைக் கண்டு யாரும் கம்பைத் தூக்க மாட்டார்கள்.

மார்ச் அங்கே ரேபிஸ் விழிப்புணர்வு மாதம். பல ஊர்களில் இலவசமாகவே ஊசி போடுகிறார்கள். எந்த நாள், எந்த இடம் என்று உங்கள் பரங்கை (அங்கத்திய ஊராட்சி) அலுவலகத்தில் கேளுங்கள்.