பெயின்ட் அடிக்கும் முன் தூணைத் தட்டிப் பாருங்கள்

1970, 80களில் சென்னையில் எழுந்த பல மாடி அலுவலகக் கட்டடங்கள் புதுப்பிக்கும் வயதுக்கு வந்துவிட்டன. முதலில் வருபவர் இன்டீரியர் டிசைனர், அடுத்தவர் ஏசி கான்ட்ராக்டர். ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்ததும் துருப்பிடித்த கம்பி பல்லிளித்த பிறகுதான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயருக்குப் போன் போகும். அதற்குள் பட்ஜெட் முழுவதும் கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் ஒதுக்கியாகியிருக்கும்.

அந்தக் காலத்தில் எம்15 கான்கிரீட் (15 மெகாபாஸ்கல் வலிமை) சாதாரணம். ஆர்சிசிக்கு, அதாவது கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு, குறைந்தது எம்20 வேண்டும் என்றது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-ல் 2000-ல் வந்த திருத்தம்தான். 1978 விதிப்படி ஸ்லாப் கம்பிக்கு 15 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) போதும், போட்டதும் பல இடங்களில் அதைவிடக் குறைவு. கம்பி பெரும்பாலும் முறுக்குக் கம்பி. துருவுக்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும். போதாததற்கு, 2002-ல் சென்னை நிலநடுக்க மண்டலம் 2-லிருந்து 3-க்கு மாறியது. பழைய கணக்கில் அந்த விசை இருக்காது.

ரீபவுண்ட் ஹேமர் (கான்கிரீட்டின் மேல்பரப்பைத் தட்டி இறுக்கத்தை அளக்கும் கருவி) காட்டும் எண்ணை மட்டும் வைத்து 'கான்கிரீட் நன்றாக இருக்கிறது' என்று யாராவது அறிக்கை கொடுத்தால் நம்ப வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு ஊறிய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகிவிடும். எண் கூடுதலாகக் காட்டும். உள்ளே கம்பியோ பாதுகாப்பை இழந்திருக்கும். கவர் மீட்டரால் கம்பி ஓடும் இடத்தைக் குறித்துவிட்டு, கம்பியை வெட்டாமல் கோர் (சோதனைக்கு உருளையாகக் குடைந்தெடுக்கும் கான்கிரீட் துண்டு) எடுக்க வேண்டும். மூன்று கோர்களின் சராசரி குறித்த வலிமையில் 85 சதவீதத்துக்கும், எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்கும் கீழே போகக் கூடாது.

புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலின் கரைசலைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கார்பன் ஊறியது. அந்த ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. துளையிட்ட தூசி ஒட்டியிருந்தால் முடிவு பொய்க்கும், ஊதித் துடைத்துவிட்டுத் தெளியுங்கள். கூடவே குளோரைடு (உப்பு) சோதனையும் வேண்டும். ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உப்பு ஏறிய ஸ்லாபில் உதிர்ந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால், ஒட்டைச் சுற்றியுள்ள கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். சில வருடங்களில் ஒட்டு அப்படியே இருக்க, அதன் விளிம்பெல்லாம் ஊதும். அங்கே ஒட்டின் விளிம்போரமாகத் துத்தநாக ஆனோடு (கம்பிக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டி) கட்டுவது வீண் செலவல்ல.

கொத்துவதிலும் ஏமாற்று நடக்கும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் தட்டிவிட்டு பிரைமர் அடித்துவிடுவார்கள். கம்பிக்குப் பின்னால் 20 முதல் 25 மி.மீ. வரை விரல் நுழையும்படி எடுக்க வேண்டும். ஓரத்தை மெஷினால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக அறுக்க வேண்டும், சரிவாக விட்டால் அங்கே பெயரும். துருவைத் தேய்த்த பிறகு கேலிப்பரால் அளந்து பாருங்கள். 20 மி.மீ. கம்பி 18 ஆகியிருந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. குறுக்குப் பரப்பில் 19 சதவீதம் போயிருக்கும். அங்கே கூடுதல் கம்பி சேர்க்காமல் மூடக் கூடாது.

தூணைக் கொத்தும் முன் முட்டு கொடுக்க வேண்டும். ஒரு மாடிக்கு மட்டும் ஜாக்கி வைத்தால், தூண் சுமந்த பாரம் கீழ்மாடி ஸ்லாபின் நடுவில் போய் உட்காரும். முட்டு தரைவரை இறங்க வேண்டும்.

ஜாக்கெட்டிங் (தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போடுவது) என்றால், பழைய கட்டடங்களை வலுப்படுத்துவதற்கான விதி ஐஎஸ் 15988 படி குறைந்தது 100 மி.மீ. கனம், பழையதைவிட 5 மெகாபாஸ்கலாவது கூடுதலான கான்கிரீட். 300க்கு 450 தூண் 500க்கு 650 ஆகும். வாடகைப் பரப்பு குறைகிறதே என்று உரிமையாளர் முணுமுணுப்பார். நீளக் கம்பி ஸ்லாபைத் துளைத்து மேலேறாமல் பீமுக்கு அடியில் நின்றுவிட்டால், அந்த ஜாக்கெட் தூணுக்குப் போட்ட சட்டைதான். இன்னொன்று: தூண் ஏற்கெனவே தாங்கும் பாரம் ஜாக்கெட்டுக்குத் தானாக மாறாது. முட்டுகளால் பாரத்தைக் குறைக்காமல் போட்டால், பின்னால் வரும் பாரத்தைத்தான் அது பங்கிடும்.

ஜாக்கெட்டுக்குப் பதிலாக ஒட்டும் கார்பன் ஃபைபர் துணி இடத்தை அடைக்காது, உண்மை. ஆனால் ஒட்டும் எபாக்சி 60 முதல் 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். தீ விபத்தில் ஃபைபர் இல்லை என்றே வைத்துக்கொண்டு, பழைய கட்டுமானம் அன்றாட பாரத்தைத் தாங்குகிறதா என்று கணக்குப் போட வேண்டும். தாங்காதென்றால் ஃபைபர் அதற்கு விடையல்ல.

பாரத்தைக் கூட்டும் முன் குறைக்கப் பாருங்கள். பழைய மொசைக்குக்கு மேலேயே டைல்ஸ் போட 50 மி.மீ. சாந்து விரித்தால், சதுர மீட்டருக்கு சுமார் 120 கிலோ. அலுவலக அறைக்கு விதி தரும் நடமாட்ட பாரமே 250 கிலோ அளவில்தான் தொடங்குகிறது. அதில் பாதி தரைக்கே போய்விடும். யுபிஎஸ் பேட்டரி, ஃபைல் காம்பாக்டர் (நகரும் ஃபைல் அலமாரி) இரண்டும் ஸ்லாபின் நடுவில் வரக் கூடாது. ஏசியின் குளிரூட்டும் இயந்திரத்தைக் கிரேன் வைத்து மாற்றாமல் மாடிமேலேயே உருட்டிக்கொண்டு போவதும் ஆபத்து. 1995-ல் சியோலில் 502 பேரைப் பலிவாங்கிய சாம்பூங் அங்காடிக் கட்டடத்தில், ஏசி இயந்திரங்களை அப்படிக் கூரைமேல் உருட்டி நகர்த்தியது ஒரு முக்கியக் காரணம்.

டெண்டரில் ரிப்பேருக்கு மொத்தத் தொகை பேசாதீர்கள். கொத்திய பிறகுதான் அளவு தெரியும். கம்பிக்குக் கிலோ கணக்கிலும் மார்ட்டருக்குக் கனம்வாரியாக சதுர மீட்டர் கணக்கிலும் ரேட் வாங்குங்கள். ஒவ்வோர் இடத்தையும் மூடுவதற்கு முன் இன்ஜினீயரும் கான்ட்ராக்டரும் சேர்ந்து அளந்து, கையெழுத்திட்டுப் படம் எடுத்து வைக்க வேண்டும்.