அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கண் அழுத்தம் ஏறினால்

பெரம்பூரிலிருந்து வந்திருந்த பெரியவர், மஞ்சப்பையிலிருந்து ஒரு ஃபைலையும் மூன்று சொட்டு மருந்துப் புட்டிகளையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "ஆபரேஷனே பலிக்கல டாக்டர், இனிமே என்ன இருக்கு?" என்று கேட்டார். ஐந்தாண்டுகளுக்கு முன், பார்வை நரம்பை மெல்ல மெல்ல அழிக்கும் கிளாக்கோமாவுக்காக வலது கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். மூன்றாண்டுகள் கட்டுக்குள் இருந்த அழுத்தம் மீண்டும் ஏறத் தொடங்கியதும், மனம் வெறுத்துப்போய் ஓராண்டுக்கும் மேல் எந்த மருத்துவரையும் பார்க்காமல் இருந்துவிட்டார். கிளாக்கோமாவில் பட்டுப்போன பார்வை நரம்பு மறுபடி துளிர்ப்பதில்லை என்பதால், அந்த ஓராண்டில் அவர் இழந்ததை யாராலும் மீட்டுத் தர முடியாது. நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஓராண்டுக்காகத்தான்.

அவருக்குச் செய்யப்பட்டது டிராபெகுலெக்டமி. 1968இல் கெய்ர்ன்ஸ் என்னும் மருத்துவர் விவரித்த இந்தச் சிகிச்சை, இன்றும் கிளாக்கோமா மருத்துவத்தின் முதுகெலும்பாக இருக்கிறது. கண்ணுக்குள் ஓயாமல் சுரக்கும் நீர் இயல்பாக வடியும் பாதையில் தடை ஏற்படும்போது அழுத்தம் ஏறுகிறது. ஆகவே, கண்ணின் வெள்ளைச் சுவரில் ஒரு சிறு மடிப்புக் கதவை அமைத்து, அதை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு அடியில் அந்த நீரை வடிய விடுகிறோம். நீர் வந்து தேங்கும் இடம், மேல் இமைக்கு உள்ளே ஒரு மென்மையான கொப்புளம் போலப் புடைத்து நிற்கும். ஆனால் உடலுக்கு அது ஒரு காயம். காயத்தை ஆற்றுவதுதான் உடலின் வேலை. மைட்டோமைசின் மருந்தைத் தடவித் தழும்பு ஏறுவதை மட்டுப்படுத்தினாலும், சிலருக்கு மாதங்களிலும் சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் அந்த வழி மூடிக்கொள்கிறது. பல ஆண்டுகள் சொட்டு மருந்து போட்டவர்களின் கண் சவ்வு, மருந்தில் கலந்திருக்கும் பதப்படுத்தும் வேதிப்பொருளால் ஏற்கெனவே அழற்சி கண்டிருப்பதால், அங்கே தழும்பு இன்னும் எளிதாக ஏறும். இதில் நோயாளியின் குற்றம் ஏதுமில்லை. பெரும்பாலும் அறுவை செய்தவரின் குற்றமும் இல்லை.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தபோது, அவருடைய கண்ணில் மெத்தென்று புடைத்திருக்க வேண்டிய இடம் தட்டையாகி வெளுத்துப்போய், சுற்றிலும் சுருள் சுருளான ரத்தக் குழாய்களுடன் தெரிந்தது. மூன்று மருந்துகள் போட்டும் அழுத்தம் 27 இருந்தது. பெரும்பாலானோருக்கு இது 10 முதல் 21 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். அடுத்ததாக, கண்ணாடி பதித்த லென்ஸைக் கருவிழிமேல் வைத்து, கருவிழியும் அதன் பின்னாலிருக்கும் கருந்திரையும் (ஐரிஸ்) சந்திக்கும் கோணத்தைப் பார்த்தேன். கோணம் திறந்தே இருந்தது. மூடியது நாங்கள் வெளியே வெட்டிக்கொடுத்த பாதை. இயற்கை உள்ளே வைத்த வடிகால், சல்லடை போன்ற திசு அடைத்துக்கொண்டிருந்தாலும், அதற்கு அப்பால் பயன்படக்கூடிய நிலையில் இருக்கலாம்.

நுண் ஸ்டென்ட் சிகிச்சை தொடங்குவது இங்கேதான். இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட்டை நினைத்துக்கொண்டு பலர் பயப்படுகிறார்கள்; இங்கே பொருத்தப்படுவது ஏறக்குறைய 0.36 மி.மீ. நீளமுள்ள டைட்டானியத் துண்டு, ரவைக் குருணையை விடச் சிறியது. கண்ணை மரத்துப்போகச் செய்து, கருவிழியின் ஓரத்தில் சிறு துளையிட்டு, எதிர்ப்பக்கக் கோணத்தில் இருக்கும் சல்லடைத் திசுவுக்குள் அதைச் செலுத்துகிறோம். தழும்பேறிய சவ்வைத் தொடவே வேண்டியதில்லை. முதல் ஸ்டென்ட் சரியாக அமர்ந்ததும், அதன் வாயிலிருந்து நூலிழை போல ரத்தம் கசிந்தது. பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவர் பதறினார். ஆனால் சல்லடைத் திசுவுக்கு அப்பால் இருக்கும் இயற்கை வடிகாலான ஷ்லெம் கால்வாய் திறந்துகொண்டது என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். இதனால் ஓரிரு நாள் பார்வை மங்கலாக இருக்கக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்துக்கும் முந்தைய அறுவைக்கும் கட்டுப்படாத திறந்த கோணக் கிளாக்கோமாவுக்கென்றே, மூன்று ஸ்டென்ட்கள் கொண்ட ஐஸ்டென்ட் இன்ஃபினிட் கருவிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022இல் அனுமதி அளித்திருக்கிறது.

இருந்தாலும் இதை எல்லாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. இந்த வடிகால் கடைசியில் ரத்த நாளங்களில்தான் போய்ச் சேருகிறது. அந்த நாளங்களில் இருக்கும் அழுத்தத்தை விடக் கண்ணின் அழுத்தம் கீழே இறங்காது. நரம்பு பெரிதும் நலிந்து, அழுத்தம் 10, 12 என்ற அளவில் நின்றால்தான் மிச்சப் பார்வை தங்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு இது போதாது. நம் மக்களில் நிறையப் பேருக்கு இருப்பது போல் கோணம் மூடிய வகையாக இருந்தால், ஸ்டென்ட் வைக்கவே இடமிருக்காது. வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. அதுவும் நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. சிறிய அறுவை போதும் என்று அவருடைய மகன் வற்புறுத்தியும் நான் சம்மதிக்கவில்லை. நீரைக் கண்ணின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோகும் பெரிய குழாயைத்தான் வைத்தேன். இவ்வகைக் குழாயை மதுரை ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் தயாரிப்பது நமக்கெல்லாம் பெரிய ஆறுதல்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஸென் என்னும் ஜெல் ஸ்டென்ட். 6 மி.மீ. நீளமும் 45 மைக்ரான் உள்துளையும் கொண்ட இந்த ஜெலட்டின் குழாய், நீரைச் சவ்வுக்கு அடியில் கொண்டுவந்து விடுகிறது. அழுத்தம் ஒரேயடியாகச் சரிந்துவிடாதபடி நீளமும் துளையும் கணக்கிடப்பட்டிருப்பது இதன் சிறப்பு. ஆனால் இதன் முனையிலும் தழும்பு ஏறலாம் என்பதால், பிறகு ஊசியால் அதை விடுவிக்க நேரிடும் என்று நோயாளியிடம் முன்னதாகவே சொல்லிவிடுவேன்.

பெரம்பூர்ப் பெரியவருக்கு இப்போது இரண்டு மருந்துகளுடன் அழுத்தம் 16இல் நிற்கிறது. சொட்டு மருந்தை அடியோடு விட்டுவிடலாம் என்று எதிர்பார்த்தவருக்கு அதில் சிறு வருத்தம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறார்.

முன்பே அறுவை செய்துகொண்டவர்கள் அடுத்த மருத்துவரிடம் போகும்போது பழைய அறுவைக் குறிப்பையும் பார்வைப் புலப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள்; எது, எப்போது, எப்படி மூடியது என்பதை வைத்துத்தான் அடுத்த வழியை முடிவு செய்ய முடியும். டிராபெகுலெக்டமி செய்த கண் சிவந்து, வலித்து, பீளை கட்டினால், 'மெட்ராஸ் ஐ' என்று நினைத்து மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். கொப்புளத்தின் வழியே கிருமி கண்ணுக்குள் இறங்கியிருக்கலாம்; சில மணி நேரத்திலேயே பார்வை பறிபோகக்கூடும். சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், தொற்று முற்றுவதோடு அழுத்தமும் ஏறும். நள்ளிரவானாலும் உடனே கண் மருத்துவமனைக்குப் போங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இந்த ஊரில் இருக்கிறது.