பிளேடைச் சுண்டிப் பாருங்கள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு ஸ்க்ரோல் சா, அதாவது மரப்பலகையில் வளைந்த வடிவங்களை அறுக்கும் ரம்ப மெஷின், இருக்கிறது. வாங்கப் போனபோது கடையில் நான் முதலில் கேட்டது, மோட்டார் எத்தனை வாட் என்றுதான். கேட்டிருக்க வேண்டியது அதுவல்ல.

இந்த மெஷினில் அறுப்பது ஐந்து அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு. கையில் எடுத்து இரு முனையையும் அழுத்தினால் வில்லாக வளைந்துவிடும். அது முக்கால் அங்குலத் தேக்கை அறுக்கிறது என்றால், மேலும் கீழும் இறுக்கமாக இழுத்துப் பிடித்திருப்பதால்தான். மோட்டார் சுழல்வதை ஒரு கிராங்க் மேலும் கீழுமான ஆட்டமாக மாற்றுகிறது. பெரும்பாலான மெஷின்களில் நிமிடத்துக்கு 400 முதல் 1,600 ஆட்டம். இத்தனை வேகத்தில் ஏறும்போதோ இறங்கும்போதோ ஒரு கணம் தளர்ந்தாலும் பிளேடு வளையும், கோடு விலகும், கடைசியில் ஒடியும். அதனால்தான் நல்ல மெஷினில் பிளேடின் இரு முனையையும் பிடித்திருக்கும் மேல் கையும் கீழ் கையும் இணையாகச் சேர்ந்தே ஆடுகின்றன. பிளேடு ஏறக்குறைய செங்குத்தாக, மாறாத இழுவிசையில் நிற்கிறது.

சரி, இறுக்கம் போதுமா? பிளக்கைக் கழற்றிவிட்டு பிளேடை விரலால் சுண்டுங்கள். வீணைத் தந்தி போல் கணீரென்று ஒலித்தால் சரி. ‘டொப்’ என்றால் இன்னும் முறுக்குங்கள். தந்தியின் கணக்குதான் இது: இழுவிசை கூடக் கூட சுருதி ஏறும்.

முதல் வாரத்தில் நான்கு பிளேடு ஒடித்தேன். எதிர்வீட்டு ஆசாரி பார்த்துவிட்டு, “தள்ளாதே தம்பி, ரம்பம் அதுவா சாப்பிடும்” என்றார். அவர் சொன்னதுதான் சரி. பற்கள் மரத்தூளை வெளியே தள்ள நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் தூள் அடைத்து, சூடேறி, விளிம்பு கருகும். பேக்கிங் டேப்பை மரத்தின் மேல் ஒட்டிவிட்டு அறுத்தால் கருகுவது குறையும்.

அப்புறம் இன்னொன்று. நேராகத்தான் தள்ளுகிறீர்கள், பிளேடோ ஒரு பக்கமாக இழுக்கிறது. மெஷின் மேல் குற்றமில்லை. பிளேடு செய்யும்போது பல்லின் ஒரு பக்கத்தில் நுண்ணிய பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் வேகமாக வெட்டும். பலகையைச் சில டிகிரி திருப்பிப் பிடித்துத் தள்ளப் பழகினால் போதும்.

வாங்கும்போது, முனைகளில் குறுக்கே ‘பின்’ எனும் சிறு கம்பி இல்லாத சாதா பிளேடையும் பிடிக்கிற மெஷினா என்று பாருங்கள். பலகையின் ஓரத்தைத் தொடாமல் உள்ளே வெட்ட முதலில் துளை போட்டு பிளேடை நுழைக்க வேண்டும். பின் இருந்தால் துளை பெரிதாகி நுணுக்கமான வேலை கெடும். கைகளின் ஆழம், அதாவது பிளேடுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் உள்ள இடம், 16 அங்குலம் என்றால், 29 அங்குலக் கேரம் பலகையின் நடுவைத் தொட்டுவிடலாம். ஆனால் முழுதாகச் சுழற்ற முடியாது. நடுவிலிருந்து மூலை இருபதரை அங்குலம் என்பதால் பின்னால் இடிக்கும்.

இங்கே கடல் காற்று இரும்பு மேடையைச் சீக்கிரம் துருப்பிடிக்கச் செய்கிறது. வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து மெழுகு தேய்த்து வைக்கிறேன். தேக்குத் தூள் மூச்சுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிளேடும் சீக்கிரம் மழுங்கும். மெல்லிய பலகைக்குக் கீழ்ப்பற்கள்தான் தேய்கின்றன. மேடை மேல் ஒரு பிளைவுட் துண்டை வைத்து உயர்த்தினால், மேலே இருக்கும் புதுப் பற்கள் வேலைக்கு வரும். அதே பிளேடில் இன்னும் இரண்டு மர மீன் பொம்மை வெட்டலாம்.