உதகைக்குப் பாட் டாக்சி வருமானால் கேட்க வேண்டிய கணக்கு

மே மாதத்துச் சனிக்கிழமைகளில் உதகை சேரிங்கிராஸில் நின்று வண்டிகளை எண்ணுவது, போக்குவரத்துப் பொறியாளனான எனக்குத் தொழில். எண்ணும் தாளில் கார், வேன், பஸ், டூவீலர் என்று கட்டங்கள் இருக்கும். நான்கு கோடுகளுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடு விழுந்தால் ஒரு கட்டு. ஒரு சீசனில் ஒரே வெள்ளைக் காரை ஒரு மணி நேரத்துக்குள் நான்கு முறை எண்ணிவிட்டேன். நிறுத்த இடம் கிடைக்காமல் அந்தக் குடும்பம் பூங்காவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் இடையே சுற்றிக்கொண்டிருந்தது. நான்காம் முறை பின்னிருக்கைக் குழந்தை எனக்குக் கையசைத்தது. தாளில் நான்கு கார்கள், தரையில் ஒன்றுதான்.

இதைப் பார்த்துச் சலித்தவர்களுக்குப் பாட் டாக்சி என்ற யோசனை இனிக்கத்தான் செய்யும். ஓட்டுநர் இல்லாத மின்சாரச் சிறுவண்டி, தனக்கென அமைந்த தடத்தில் ஓடும். நிலையங்கள் கிளைத்தடத்தில் இருப்பதால், இடையில் எங்கும் நிற்காமல் நாம் சொன்ன நிலையத்துக்கே நேராகப் போகும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்தை வாகன நிறுத்துமிடத்தோடு இணைக்கும் இத்தகைய தடம் 2011-இல் திறக்கப்பட்டது. நான்கு பேர் அமரும் 21 வண்டிகள், மூன்று நிலையங்கள், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தடம். அமெரிக்காவின் மார்கன்டவுன் என்ற மலைப்பாங்கான ஊரில் இத்தகைய தடம் 1975 முதலே ஓடுகிறது. அங்கே பனி உறையாமல் இருக்கத் தடத்துக்குள் குழாய் பதித்துச் சூடேற்றுகிறார்கள். கட்டி முடித்தபோது செலவு முதல் மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியிருந்தது. தனிநபர் வண்டி என்று பெயர் வைத்தாலும், உட்கார்ந்தும் நின்றும் இருபது பேர் போகும் வண்டிகள்தாம் அவை.

ஆகவே தொழில்நுட்பம் பொய்யில்லை. நமக்கு உதவுமா என்பது தனிக் கேள்வி, அதற்குக் கணக்கு வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்குள் வெளியூர் வாகனங்கள் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று இ-பாஸ் வரம்பு வந்தது. ஒரு பேச்சுக்கு, வார இறுதியில் வரும் 8,000-இல் பாதி வண்டிகள் உதகைக்கு வருகின்றன, ஒவ்வொன்றிலும் மூன்று பேர், எல்லாம் காலை நான்கு மணி நேரத்துக்குள் வந்து சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 3,000 பேர். ஆறு நொடிக்கு ஒரு பாட், அதில் மூன்று பேர் என்று தடையின்றி ஓடினாலும் ஒரு தடம் மணிக்கு 1,800 பேரைத்தான் கொண்டு செல்லும். அந்த 3,000 பேரை ஐம்பது இருக்கை பஸ்களில் ஏற்றினால் நிமிடத்துக்கு ஒரு பஸ் போதும். ஆனால் அதற்குச் சாலையில் கார் இருக்கக் கூடாது.

ஆறு நொடி என்பதும் சமதளத்துக் கணக்கு. முன்வண்டி சுவரில் மோதியதுபோலச் சட்டென நின்றுவிட்டாலும் பின்வண்டி மோதாமல் நிற்க வேண்டும் என்பது இத்துறையில் பழைய விதி. மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி சமதளத்தில் ஏறத்தாழ 25 மீட்டரில் நிற்குமானால், அதே பிரேக் விசையோடு நூற்றுக்கு எட்டு என்ற இறக்கத்தில் நிற்க 36 மீட்டர் ஆகும். மழையில் தடம் நனைந்து சக்கரம் வழுக்கினால் இன்னும் கூடும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயில் ஏறுவதும் ஏறக்குறைய அதே சரிவுதான், பன்னிரண்டில் ஒன்று. அங்கே பல்சக்கரம் இருக்கிறது. இடைவெளியைப் பத்து நொடியாக்கினால் 1,800 என்பது 1,080 ஆகிவிடும். இது தவிர, 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை இழந்த மலையில் மலைப்பாதை நெடுகத் தூண் நிறுத்த மண்ணை வெட்டும் திட்டம் எதற்கும் நான் கையெழுத்திட மாட்டேன். பாட் ஓடத் தகுந்த இடம் என்று எனக்குத் தோன்றுவது ஏரிக்கரையிலிருந்து பூங்கா வரையிலான மென்சரிவு மட்டுமே.

தென் கொரியாவின் சுன்சொன் நகரம் சதுப்புநிலத்துக்குக் கார்கள் போவதைக் குறைக்கவென்று 2014-இல் இப்படி ஒரு தடம் திறந்தது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. இயக்கிய நிறுவனத்துக்கும் நகராட்சிக்கும் இழப்பீட்டுத் தகராறு மூண்டது. கடைசி நிலையத்தில் இறங்கியவர் சதுப்புநில வாயிலுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. கார் வாயில்வரை போகுமானால் யார் பாட் வண்டியில் ஏறுவார்?

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு முறை நான் வரைந்த பாட் நிலைய வரைபடத்தை விரித்து வைத்திருந்தபோது, கேத்திப் பக்கத்திலிருந்து பூண்டு மூட்டையோடு வந்திருந்த ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். “இதுல மூட்டையோட ஏறலாமா, தம்பி?” என்று கேட்டார். பெட்டிக்குள் இடம் இருக்கும் என்றேன். “அது சரி, மேல ஏறுறது எப்படி?” என்றார். நிலையம் சாலைக்கு ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்தது. நான் வரைந்த படத்தில் படிக்கட்டு இருந்தது, லிஃப்ட் இல்லை. மறுநாள் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் வரைந்தேன். மதிப்பீட்டில் அதற்கான செலவும் ஏறியது.

பாட் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. கார்களை ஊர் எல்லையில் நிறுத்த இடமும் மனமும் முதலில் வர வேண்டும், பாட் அதற்குப் பின்னால் வரலாம். ஒரு வார இறுதியில் ஏரிக்கும் பூங்காவுக்கும் இடையே கார்களை விடாமல் பஸ்களை மட்டும் ஓட்டிப் பார்ப்பதற்குத் தூண் எதுவும் தேவையில்லை. அந்த இரண்டு நாள் எண்ணிக்கைத் தாள் கையில் இருந்தால், பாட் எத்தனை வேண்டும், வேண்டுமா என்பதையே நேர்மையாகச் சொல்ல முடியும்.

திட்டக்காரர்கள் படம் காட்ட வரும்போது இன்னொன்றையும் கேளுங்கள். பழனியில் ரோப் கார் மாதத்தில் ஒரு நாளும் ஆண்டுக்கொரு முறை பல வாரங்களும் பராமரிப்புக்காக நிற்கும். காற்று பலமாக வீசினாலும் நிறுத்துவார்கள். அன்று பக்தர்களுக்கு வின்ச் இருக்கிறது, படிப்பாதையும் இருக்கிறது. இங்கே பாட் நிற்கும் நாளில் ஓட்ட எத்தனை பஸ், எந்த டிப்போவிலிருந்து, யார் செலவில் என்று மதிப்பீட்டில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இதுவரை என் மேசைக்கு வந்த மூன்று வரைவுகளில் அந்த வரி இல்லை.