தியேட்ரோக்ரசி: அவையோராட்சி

தியேட்டர் என்றால் திருகோணமலையில் நமக்குப் படம் ஓடும் இடம். இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்யும் அறை. கிரேக்கத்தில் 'தியாட்ரோன்' என்பது பார்க்கும் இடம். நடிகர் நின்ற மேடையை அல்ல, சனம் உட்கார்ந்திருந்த பகுதியைத்தான் அந்தச் சொல் குறித்தது. இதை விட்டுவிட்டால் 'தியேட்ரோக்ரசி' பிடிபடாது. பின்பாதியான 'கிராட்டோஸ்' அதிகாரம். டெமோக்ரசியில் இருப்பதும் அதுவே.

ஆக, பார்க்க வந்தவர்களின் ஆட்சி. பிளேட்டோ 'சட்டங்கள்' நூலின் மூன்றாம் புத்தகத்தில் இதை ஏச்சாகவே சொல்கிறார். முன்பு ஏதென்சில் சனம் வாய்மூடிப் பாட்டுக் கேட்டது. சத்தம் போட்டால் பிரம்பு வரும். பிறகு கத்தியும் கைதட்டியும் தீர்ப்புச் சொல்லத் தொடங்கியது. பாட்டில் வந்த துணிவு ஆள்வோருக்கும் சட்டத்துக்கும் அடங்காமையில் போய் முடிந்தது என்பது அவர் வாதம். ஏதென்சில் அரங்கும் அரசியலும் அவ்வளவு நெருக்கம்: டயோனிசஸ் தெய்வத்துக்கான நாடக விழா முடிந்ததும் அதே அரங்கில் குடிமக்கள் சபை கூடியது. அவருடைய மாணவர் அரிஸ்டாட்டிலோ, இசையையும் கவிதையையும் பலர் சேர்ந்தே நன்றாக மதிப்பிடுவர் என்றார். ஒருவருக்கு ஒரு பகுதி புரியும், எல்லோருக்கும் சேர்ந்து முழுவதும் புரியும்.

நான் அரிஸ்டாட்டில் பக்கம். மூதூர்ப் பக்கம் ஒரு கூத்துப் பார்த்தேன். வட்டக்களரி, சுற்றிவரச் சனம், விடியப்புறம் மூன்று மணி. பாயில் சரிந்திருந்த ஒரு கிழவர் தலையைத் தூக்கி, "அண்ணாவியார், தாளம் இழுபடுது" என்றார். மத்தளம் நின்றது. கூத்தை நடத்தும் ஆசானான அண்ணாவியார் கோபிக்கவில்லை; அந்த வரவுப் பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நாடக ஆட்சி' கூடாது. பொய்வேடம் என்ற எண்ணம் வந்துவிடும். 'அரங்காட்சி' என்றால் அரங்கில் நடக்கும் காட்சி என்றே படிப்பார்கள். எனக்குப் பொருத்தமாகப் படுவது 'அவையோராட்சி'. மதுரைக்காஞ்சியின் 'அறங்கூறு அவையம்' வழக்குத் தீர்க்கும் மன்றம். அவையறிதலையும் அவையஞ்சாமையையும் திருவள்ளுவர் அமைச்சியலில்தான் வைத்தார். புலவர் அவையடக்கம் பாடுவதும் இதே அவைக்கு முன்னால்தான். அவை வடமொழிச் 'சபா'விலிருந்து வந்தது என்போரும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் கூட்டத்துக்கு நம்மிடம் இதைவிடப் பழகிய சொல் இல்லை.

புழக்கம்: 'பேச்சுப்போட்டியில் நடுவரின் புள்ளியைவிடக் கைதட்டலே வென்றது; அது அவையோராட்சி.'